பொய்ச் செய்திக்குச் சிறை: யாரைக் காக்கும்?

மட்டக்களப்பு - கல்முனை வீதியில், வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த செட்டிபாளையத்தின் தேநீர்க்கடையிலும் சரி, அதே வீதியிலுள்ள காத்தான்குடியின் கடைத்தெருவிலும் சரி, பத்திரிகையைக் கையிலெடுப்பவர் அரசியல்வாதியைப் பற்றிய செய்தியை முழுமையாக நம்புவதுமில்லை, முழுமையாகத் தள்ளிவிடுவதுமில்லை. வாசகரின் இந்த நிதானத்தில் நம்பிக்கையற்றவர்களே, அரசியல்வாதிகள் பற்றிய பொய்யான அல்லது விரோதமான செய்திகளைக் குற்றமாக்க வேண்டும் எனத் தேர்தலுக்குத் தேர்தல் கோருகின்றனர்.

இக்கோரிக்கை எமக்குப் புதியதல்ல. குற்றவியல் அவதூறுச் சட்டம் இந்நாட்டில் நடைமுறையில் இருந்தது. அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஒரு விருந்துக்குச் சென்றதாக வெளியான கிசுகிசுப் பத்திக்காக, 'சண்டே ரைம்ஸ்' ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்க 1997இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவரது அரசை விமர்சித்த 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கும் 2000ஆம் ஆண்டில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. முன்னையது தவறான செய்தி. பின்னையது கடுமையான விமர்சனம். சட்டமோ இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தது. 2002இல் பாராளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியபோது ஊடகத்துறை ஆறுதலடைந்தது.

ஆனால் சட்டம் நீங்கியதும் அச்சம் நீங்கிவிடவில்லை. மட்டக்களப்பு மண்ணிலேயே ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். இம்மண்ணின் மைந்தர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். லசந்த 2009 ஜனவரி 8 அன்று கொல்லப்பட்டார். இக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. எழுதுவோர் உயிரைக் காக்கத் தவறிய ஓர் அரசு, அரசியல்வாதிகளின் பெயரைக் காக்கச் சிறைக்கதவைத் திறப்பது நியாயமாகுமா?

பொய்ச் செய்தியின் உண்மையான காயம் யாருக்கு என்பதையும் நோக்க வேண்டும். 2019 மே 23 அன்று சிங்கள நாளேடு ஒன்று, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாகத் தலைப்புச் செய்தி வெளியிட்டது. குருநாகல் மருத்துவர் ஒருவர் கைதாகி, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் கூறியது. பதிலளிக்க மேடையும் ஒலிவாங்கியும் அரசியல்வாதிக்கு உண்டு. அந்த மருத்துவருக்கோ அவரது சமூகத்துக்கோ அவை இருக்கவில்லை.

அவ்வாறாயின் கடும் சட்டம் சமூகத்தைக் காக்காதா என ஒருவர் வினவலாம். வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகவே வந்தது. எனினும் அது 2019இல் ஒரு சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர்மீதும், 2020இல் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக்கு எழுத்தால் பதிலளிக்குமாறு முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற முஸ்லிம் அரச உத்தியோகத்தர்மீதும் பாய்ந்தது. இந்நிலையில் 2024இல் 108 வாக்குகளுக்கு 62 என நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கும் வழங்கியபோது ஊடகத்துறையினர் ஐயமுற்றதில் வியப்பில்லை.

பொய்யை நாம் ஆதரிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர், அரசியல்வாதியாயினும், சிவில் நீதிமன்றில் நட்டஈடு கோரலாம். 2003இல் தோன்றிய பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை நாடலாம். முதற்பக்கத்தில் வெளியான தவறுக்கு முதற்பக்கத்திலேயே திருத்தம் வெளியிடுவது எம் போன்றோரின் கடமையாகும். அக்கடமையிலிருந்து ஊடகங்கள் வழுவும்போதெல்லாம், சிறைச் சட்டம் கோருவோரின் கரமே வலுப்பெறுகின்றது.

விரோதமான விமர்சனம் அரசியல்வாதியின் பதவியோடு பிறந்தது. அதைத் தாங்க இயலாதவர் மக்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டியதில்லை.