நாற்காலியின் பெயர் மாறியது, நம் நிலை மாறியதா?

ஆளுநர் பதவியை ஆட்டின் தாடியோடு ஒப்பிட்டார் அண்ணா. தாயகத்துக்கு அந்த ஒப்புமை பொருந்தும். அங்கே ஆடு இருக்கிறது. தாடி வேண்டுமா என்பதுதான் வழக்கு. அந்தமானில் ஆடே கிடையாது. தாடி மட்டும் ஆட்சி நடத்துகிறது! சட்டமன்றம் இல்லை, அமைச்சரவை இல்லை, முதலமைச்சர் இல்லை. தில்லி அனுப்பிவைக்கும் துணைநிலை ஆளுநர் ஒருவர் வருவார், கையெழுத்திடுவார், போவார். அவர் வந்ததற்கும் நமக்கும் சம்பந்தமில்லை, போவதற்கும் சம்பந்தமில்லை.

இந்த நாற்காலி எங்கே செய்யப்பட்டது என்று பார்த்தால்தான் அதன் குணம் விளங்கும்.

1857 எழுச்சியை நசுக்கிய வெள்ளை ஆட்சி, 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் டாக்டர் வாக்கரைப் போர்ட் பிளேருக்கு அனுப்பியது. அவர் கண்காணிப்பாளர், அதாவது சிறை அதிகாரி. 1872 பிப்ரவரி 8 அன்று ஹோப் டவுன் துறையில் வைஸ்ராய் மேயோ பிரபு ஷேர் அலியின் கத்திக்கு இரையானார். அதே ஆண்டில் கண்காணிப்பாளர் பதவி தலைமை ஆணையர் பதவியாக உயர்ந்தது. டொனால்டு ஸ்டூவர்ட் முதல் தலைமை ஆணையர். பதவி உயர்ந்ததே தவிர, வேலை மாறவில்லை. கைதியிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் எந்தச் சிறையிலும் உண்டா? கேட்காமல் ஆளும் அந்தப் பழக்கம்தான் இந்த நாற்காலியின் முதல் கால்.

இடையில் ஜப்பானியர் வந்தனர். 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இங்கே கொடியேற்றினார். 1944-இல் ஆசாத் ஹிந்த் அரசு ஏ. டி. லோகநாதன் என்ற தமிழரை இத்தீவுகளின் தலைவராக அனுப்பியது. பெருமைதான். ஆனால் காவல் துறையை ஜப்பானியக் கடற்படை அவர் கையில் விடவில்லை. அதிகாரம் இல்லாத பெயர் எதற்கும் உதவாது என்ற பாடத்தை நம்மவர் ஒருவரே அந்த நாற்காலியில் அமர்ந்து கற்றார்.

விடுதலை வந்ததும் என்ன நடந்தது? 1950 அரசியல் சட்டம் நாட்டின் பகுதிகளை ஏ, பி, சி, டி என்று வகுத்தது. "டி" வகுப்பில் இருந்த ஒரே நிலப்பரப்பு அந்தமான் நிக்கோபார். குடியரசுத் தலைவர் தலைமை ஆணையர் மூலம் ஆள்வார் என்றது சட்டம். வெள்ளைக்காரன் போனான்; அவன் வைத்த பதவி பெயர்கூட மாறாமல் நின்றது! 1956-இல் ஒன்றியப் பகுதி ஆனோம். 240ஆம் பிரிவின்படி இங்கே குடியரசுத் தலைவர் போடும் ஒழுங்குவிதி, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே திருத்தவும் நீக்கவும் வல்லது. 1963-இல் புதுச்சேரிக்கும் கோவாவுக்கும் திரிபுராவுக்கும் சட்டமன்றம் தந்தார்கள். நமக்கு இல்லை. நாடு 1952-இல் வாக்குச்சாவடிக்குப் போயிற்று. நாம் மக்களவைக்கு வாக்களித்தது 1967-இல்தான். அதுவரை நியமன உறுப்பினரே நம் குரல். இன்றும் ஒரே ஒரு மக்களவை உறுப்பினர். மாநிலங்களவையில் ஓர் இடமும் இல்லை.

1982 நவம்பர் 12 அன்று தலைமை ஆணையர் போய்த் துணைநிலை ஆளுநர் வந்தார். எம். எல். கம்பானி முதலாமவர். பிறகு பிரதேச கவுன்சில் என்று ஒன்று அமைத்தார்கள். அதன் கவுன்சிலர்கள் ஆலோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. அதுவும் இன்று இல்லை. பஞ்சாயத்தும் நகராட்சியும் இருக்கின்றன. ஆனால் எந்தத் தெருவில் விளக்கு வைப்பது என்று பேசலாமே தவிர, தீவின் வரவு செலவைக் கேட்க அவற்றுக்கு வழியில்லை. அரசியல்வாதியும் வந்திருக்கிறார், இராணுவத் தளபதியும் வந்திருக்கிறார், 2017-இல் கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதியும் வந்தார். நல்லவரா கெட்டவரா என்பது நம் கேள்வியல்ல. நல்லவர் வந்தாலும் அவரைக் கேள்வி கேட்க ஒரு மன்றம் வேண்டும் என்பதே நம் வாதம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். கூலிக்காரன் வயிற்றில் இது கை வைக்கிறது. 2023 ஆகஸ்ட் 3 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு, தினக்கூலி மஸ்தூர்கள் வழக்கில் முந்தைய ஆணையை நிறைவேற்றவில்லை என்று தலைமைச் செயலாளரை இடைநீக்கம் செய்தது. துணைநிலை ஆளுநர் சொந்தப் பணத்தில் 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. சட்ட நுணுக்கம் வக்கீல்களுக்கு. நாம் கேட்பது ஒன்றுதான்: ரோடு போடும் மஸ்தூர் தன் கூலிக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது ஏன்? சட்டமன்றம் இருந்தால் ஒரு கேள்வி நேரத்தில் அமைச்சர் பதில் சொல்லியிருக்க மாட்டாரா?

கிரேட் நிக்கோபாரைப் பாருங்கள். கலத்தியா விரிகுடாவில் துறைமுகம், விமான நிலையம், புது நகரம். இதற்காக 130 சதுர கிலோமீட்டர் காடு. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தந்தார்கள். அதே மாதம் அங்குள்ள பழங்குடி மன்றம், முன்பு தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. யார் கேட்டார்கள்? விண்ணப்பம் போட்டது தீவு நிர்வாகத்தின் சொந்தக் கழகம். வழக்காடுபவரும் ஊர்த் தலைவரும் ஒருவரே என்றால் பஞ்சாயத்து எப்படி இருக்கும்?

2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டினார்கள். சோழர் கடற்படைத் தளம் இருந்த தீவு என்று அறிவிப்பில் புகழ்ந்தார்கள். சோழன் பெயரைச் சொல்ல வாய் இனிக்கிறது. நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசும் இத்தீவில், சோழன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டமன்றம் கேட்டால் மட்டும் ஏன் கசக்கிறது?

மக்கள் தொகை குறைவு என்பார்கள். 2011 கணக்கில் நாம் 3,80,581 பேர். ஏறத்தாழ இதே அளவு மக்களோடுதான் 1963-இல் புதுச்சேரி சட்டமன்றம் பெற்றது. சிக்கிம் சுமார் இரண்டு லட்சம் மக்களோடு 1975-இல் மாநிலமே ஆயிற்று. எல்லைப் பாதுகாப்பு என்பார்கள். அருணாசலம் எல்லையில் இல்லையா? அங்கே சட்டமன்றம் இருப்பதால் நாடு பறிபோய்விட்டதா?

குடியேறியவர்கள் பெரும்பான்மை, சட்டமன்றம் வந்தால் பழங்குடியினரை நசுக்கிவிடுவார்கள் என்று சிலர் சொல்வது மட்டும் நேர்மையான அச்சம். அதை நாம் உதற மாட்டோம். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டும், இலங்கைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டுக் கச்சாலில் ரப்பர் பால் எடுக்கவும் வந்து சேர்ந்த நம்மவர்களுக்குத் தெரியாதா, கேட்காமல் நிலத்தை இழப்பது எப்படி இருக்கும் என்று? ஆனால் காட்டை எடுக்கும் முடிவு சட்டமன்றம் இல்லாத ஆட்சியில்தானே வந்தது! ஆகவே 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி அசையாமல் நிற்கட்டும். பழங்குடி மன்றத்தின் எழுத்துபூர்வ இசைவு இல்லாமல் அவர்கள் மண்ணைத் தொட முடியாது என்று சட்டமன்றத்தின் கையையும் கட்டி வைக்கட்டும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. 239ஏ பிரிவில் புதுச்சேரியின் பெயர் இருக்கிறது. அதனருகே அந்தமான் நிக்கோபார் பெயரும் ஏற வேண்டும். தேர்ந்தெடுத்த சட்டமன்றம் வேண்டும். அதற்குப் பதில் சொல்லும் அமைச்சரவை வேண்டும். புதுச்சேரியில் கிரண் பேடி காலத்தில் நாராயணசாமி அரசு பட்ட பாட்டை நாடு கண்டது. அதனால் துணைநிலை ஆளுநர் அமைச்சரவையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மாநிலங்களவையில் ஓர் இடம் வேண்டும்.

வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ராஞ்சித் தொழிலாளியும் நிக்கோபாரியும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை இது. தமிழர் தனித்துக் கேட்டால் தில்லி அதைச் சங்கத்துச் சண்டை என்று ஒதுக்கிவிடும். ஒவ்வொரு தீவிலும் ஒவ்வொரு மொழிச் சங்கத்தின் கதவையும் நாம் தட்டுவோம். 1858-இல் இங்கே இறக்கப்பட்டவர்கள் கைதிகள். நாம் குடிமக்கள். குடிமக்களை ஆள வருபவர் குடிமக்களுக்குக் கணக்குக் காட்டட்டும்!