மானியப் பணமும் மகளின் கைத்தொழிலும்

 

சாதாரண தரப் பெறுபேறு வெளியான சில நாட்களில் நமது ஊர்களில் விண்ணப்பப் படிவங்கள் கைமாறத் தொடங்கிவிடும். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று வாவியோரத்து ஊர் எதற்குப் போனாலும் இதே கதைதான். "இலவசப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு, முடிந்ததும் தொழில்" என்று அதில் எழுதியிருக்கும். தையல், கணினி, சமையற்கலை, ஹோட்டல் வேலை, குழாய் பொருத்துதல் என்று பட்டியல் நீளும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு உம்மாமார் வந்து கேட்கிறார்கள்: "மௌலவி, இதில் பிள்ளையைச் சேர்க்கலாமா? இலவசம் என்றால் காசு யார் கொடுக்கிறார்? எதற்காகக் கொடுக்கிறார்?"

கேட்க வேண்டிய கேள்விதான். இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் கையெழுத்துப் போடுவோரும் உண்டு. இலவசம் என்றாலே ஏதோ சூழ்ச்சி என்று படிவத்தைக் கிழித்துப் போடுவோரும் உண்டு. விளங்கிக்கொண்டு முடிவெடுப்பதே அறிவுடைமை.

மூவர் சேர்ந்த தோணி

வாவியில் மீன்பிடிப்போரைப் பாருங்கள். தோணி ஒருவருடையது, வலை இன்னொருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது. கரைக்கு வந்ததும் பங்கு பிரிக்கிறார்கள். பயிற்சி மானியமும் ஏறத்தாழ இப்படித்தான். பணம் ஓரிடத்திலிருந்து வருகிறது: அரசாங்கம், உலக வங்கி, அல்லது ஒரு வெளிநாட்டு அரசு. கற்பிப்பவர் ஒருவர்: தொழில்நுட்பக் கல்லூரி, பயிற்சி நிலையம், பல்கலைக்கழகம். வேலை பழக இடம் தருபவர் ஒருவர்: ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல், வாகனத் திருத்தகம். இந்தத் தோணியில் நான்காவதாக ஏறுபவள்தான் உங்கள் மகள். மற்ற மூவரின் பங்கும் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். அவளுடைய பங்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பெற்றோரின் பொறுப்பு.

இப்படி ஏன் சேர்க்கிறார்கள்? பயிற்சி நிலையம் தனியே கற்பித்தால் பழைய இயந்திரத்தில் பழைய பாடத்தைக் கற்பிக்கும். பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கும், வேலை கிடைக்காது. தொழிற்சாலை தனியே பழக்கினால் தனக்குத் தேவையான ஒரே ஒரு வேலையை மட்டும் பழக்கும். சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைக்கத் தெரிந்தவளுக்கு முழுச் சட்டை தைக்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கினால்தான் கல்வியும் கைப்பழக்கமும் சேரும். சேர்ப்பதற்குச் செலவாகும். அந்தச் செலவுக்கே மானியம்.

நம் நாட்டில் நடந்தவை

இது நமக்குப் புதிதல்ல. 1971ஆம் ஆண்டிலேயே பயிலுனர் பயிற்சிக்கென ஒரு சட்டம் வந்தது. பின்னர் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அந்தப் பணி, நாம் "நைட்டா" என்று அழைக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிடம் வந்தது. பிள்ளையை ஒரு தொழிலிடத்தில் அமர்த்தி, எழுத்தில் ஒப்பந்தம் செய்து, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் பெற்றுக் கொடுக்கும் முறை அது. தொழிற்பயிற்சி அதிகார சபை 1995இல் அமைந்தது.

2014 முதல் 2020 வரை திறன் அபிவிருத்திக்கான ஒரு பெரிய தேசியத் திட்டம் நடந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் உலக வங்கியும் அதற்கு நிதியளித்தன. கட்டட நிர்மாணம், சுற்றுலா, தகவல் தொழில்நுட்பம், உற்பத்தி ஆகிய துறைகளின் முதலாளிமாரைச் சேர்த்துத் துறைசார் திறன் சபைகள் அமைத்தார்கள். எந்தத் திறன் தேவை என்பதைத் தொழில் தருவோரே சொல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். பல்கலைக்கழகங்களுக்கு 2017இல் உலக வங்கியின் 100 மில்லியன் டொலர் திட்டம் ஒன்று வந்தது. அதன் வழியாக அரச பல்கலைக்கழகங்களில் தொழில் நிறுவனங்களோடு தொடர்பு வைப்பதற்கான பிரிவுகள் வலுப்பட்டன. ஆய்வுகூடத்தில் கண்டதைச் சந்தைக்குக் கொண்டுவரும் ஆய்வாளர்களுக்குப் போட்டி முறையில் மானியம் வழங்கப்பட்டது.

நம் பகுதிக்கு நெருக்கமான உதாரணம், அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு 2016இல் தொடங்கிய திறன் அபிவிருத்தித் திட்டம். திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை ஆகிய நான்கு மாவட்டங்களில் சுற்றுலாத் தொழிலை மையமாக வைத்து அது நடந்தது. யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின. அங்கே வேலை இருந்தது. பக்கத்து ஊர்களில் வேலையற்ற பிள்ளைகள் இருந்தார்கள். இடையில் பாலம் தேவைப்பட்டது.

ஆனால் ஒரு பாடத்தையும் மறக்கக்கூடாது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்தன. 2020இல் கொரோனா வந்தது. கடற்கரை ஹோட்டல்கள் வெறிச்சோடின. ஒரே தொழிலை நம்பிப் பழகியவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆகவே, பழகும் கைத்தொழில் ஊரிலும் வீட்டிலும்கூடச் செல்லுபடியாகக் கூடியதா என்று பார்ப்பது அவசியம். ஹோட்டலில் சமையல் கற்றவள் வீட்டிலிருந்தே உணவு விற்கலாம். ஹோட்டல் கணினியில் அறைப் பதிவு மட்டும் பழகியவள் என்ன செய்வாள்?

இது யாருடைய பணம்?

சகோதரிகளே, இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பயிற்சி நிலையத்தின் கைக்கு வரும்போது அது மானியம். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஆசிய அபிவிருத்தி வங்கியும் உலக வங்கியும் அந்த 2014 திட்டத்துக்குத் தந்தது நாட்டின் பெயரில் கடன். 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று நிறுத்தியதை நாம் எல்லோரும் எரிவாயு வரிசையில் நின்று அனுபவித்தோம். அந்தக் கடனை அடைப்பவர் யார்? கடையில் சீனி வாங்கும்போது வரி கட்டும் நீங்களும் நானும்தான். எனவே "இலவசம்தானே, வராவிட்டால் என்ன" என்று பாதியில் விடும் பிள்ளையும், வராத பிள்ளைக்கு வரவு போடும் நிலையமும் ஊர் மக்களின் பணத்தில் கைவைக்கிறார்கள்.

வக்ஃபு செய்தவரின் நிபந்தனையைச் சட்டத்தைப் போல மதிக்க வேண்டும் என்பது பிக்ஹு அறிஞர்களின் நெறி. பள்ளிவாசல் விளக்குக்கு எண்ணெய் வாங்கத் தந்த பணத்தில் விருந்து வைக்க முடியாது. மானியமும் அமானத்தே. தையல் கற்பிக்க வந்த பணத்தில் பதாகையும் பொன்னாடையும் திறப்பு விழாவும் நடத்திவிட்டு, இயந்திரத்தை மட்டும் மறந்துவிடுவது அமானத்தைப் பாழாக்குவதாகும்.

சுனாமிக்குப் பின் நம் கரையோரங்களுக்கு எத்தனை தையல் இயந்திரங்கள் வந்தன! கொடுத்தவர்களின் எண்ணம் நல்லதே. ஆனால் இயந்திரத்தோடு துணி வாங்குபவரையும் சந்தையையும் சேர்க்காததால் பல வீடுகளில் அது பூச்சாடி வைக்கும் மேசையாக நிற்கிறது.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

படிவத்தைக் கையில் வாங்கியதும் இந்த ஐந்தையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல, உரிமை.

முதலாவது, அந்த நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? பதிவு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முடிவில் கிடைப்பது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழா, வெறும் பங்குபற்றிய சான்றிதழா? நாம் என்.வி.கியூ என்று சொல்லும் அந்தத் தகைமை 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். இன்று 3ஆம் மட்டத்தில் சேரும் பிள்ளைக்கு மேலே ஏறிச் செல்லும் படி இருக்கிறது. பங்குபற்றிய சான்றிதழுக்கு அந்தப் படி கிடையாது.

மூன்றாவது, தொழிலிடத்தில் எத்தனை மாதம், என்ன பழக்குவார்கள்? மாதக்கணக்கில் நூல் வெட்டவும் தரை கூட்டவும் விட்டால் அது பயிற்சியல்ல, மலிவுக் கூலி.

நான்காவது, சென்ற அணியில் எத்தனை பேர் முடித்தார்கள், அவர்கள் இப்போது எங்கே? நேர்மையான நிலையம் இதற்குத் தயங்காது. முடிந்தால் அப்படி முடித்த ஒரு பிள்ளையின் உம்மாவிடம் போய்ப் பேசுங்கள்.

ஐந்தாவது, போக்குவரத்து யார் பொறுப்பு? மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம்? உடை, தொழுகை நேரம் பற்றி அங்கே என்ன ஒழுங்கு? தொல்லை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? சேர்ந்த பிறகு சண்டை பிடிப்பதைவிட முதலிலேயே பேசி எழுத்தில் பெறுவது மேல். இந்த ஒன்றுக்குப் பதில் இல்லை என்பதற்காகவே எத்தனையோ வாப்பாமார் கெட்டிக்காரப் பெண்களை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். பதிலைப் பெற்றுக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

உங்களுக்கும் ஒரு வழி

மகளைப் பற்றிப் பேசினோம். உம்மாவின் நிலை என்ன? இருபது வருடம் ஊருக்கே உடுப்புத் தைத்துக் கொடுத்தவள், "எனக்குப் படிப்பில்லை" என்று சொல்வது மனதை வருத்துகிறது. அனுபவத்தால் கற்றதையும் இந்நாட்டுத் தொழில் தகைமை முறை ஏற்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். உங்கள் வேலைக்குச் சான்றுகளைத் திரட்டிக் கொடுத்து விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் உங்களைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார். தகுதி இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். தையலுக்கும் சமையலுக்கும் பேக்கரி வேலைக்கும் இந்த வழி உண்டு. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் நீங்களே பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியையாகவும் வரலாம். பிரதேச செயலகத்திலோ நைட்டாவின் மாவட்ட அலுவலகத்திலோ விசாரியுங்கள்.

நம் கையிலும் இருக்கிறது

வெளியிலிருந்து வரும் திட்டத்துக்கு ஓர் ஆரம்பத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. திட்டம் முடிந்தால் வாகனமும் பெயர்ப்பலகையும் போய்விடும். மலேசியா 1992இல் ஒரு சட்டம் செய்தது. அதில் தொடங்கிய முறையில் குறிப்பிட்ட துறைகளின் முதலாளிமார் தம் ஊழியரின் சம்பளத் தொகையில் நூற்றுக்கு 1 வீதத்தை ஒரு பொது நிதிக்குக் கட்டி, அதிலிருந்தே ஊழியரைப் பயிற்றுவிக்கிறார்கள். ஜேர்மனியில் பிள்ளை வாரத்தில் சில நாள் தொழிற்சாலையிலும் சில நாள் பாடசாலையிலும் கற்கிறது. பயிலுனருக்குக் கொடுப்பனவு தருவது அந்த நிறுவனமே. தொழில் செய்வோரே கல்விக்குச் செலவிடுவதால் அது நிலைக்கிறது.

நம் சமூகத்திலும் முன்மாதிரி இல்லாமலில்லை. மாணிக்கக்கல் வணிகரான நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். வியாபாரத்தில் வந்த செல்வம் கல்வியாக மாறியது. நம் ஊர்க் கடைத்தெருக்களில் துணிக்கடையும் பேக்கரியும் மின்சாரப் பொருள் கடையும் நிறைந்திருக்கின்றன. கடைக்கு வருடத்துக்கு ஒரு பிள்ளையை எழுத்து ஒப்பந்தத்தோடு பயிலுனராக ஏற்றால் போதும். பெரிய மானியம் எதுவும் வேண்டியதில்லை. பஸ் காசில்லாமல் பயிற்சியைப் பாதியில் விடும் பிள்ளைக்கு அந்தக் காசைப் பொறுப்பேற்கும் ஸதக்கா, மதிய விருந்துகளைவிட நீண்ட காலம் பயன் தரும்.

இதை உங்கள் கணவரிடமும் நானாமாரிடமும் எடுத்துச் சொல்வது உங்களால்தான் முடியும். கடைக் கணக்கு அவர்கள் கையில் இருக்கலாம். வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்ப்பவர் நீங்கள்.

அடுத்த முறை படிவம் வீட்டுக்கு வந்தால் அதைக் கிழிக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்திடவும் வேண்டாம். ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, மகளையும் கூட்டிக்கொண்டு அந்த நிலையத்துக்கே நேரில் போய் வாருங்கள். அவள் பழகப்போகும் இயந்திரத்தையும் இருக்கப்போகும் இடத்தையும் கண்ணால் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளில் பரக்கத்தைத் தருவானாக.