வெட்கம் விட்டது, வரிசை நீண்டது!

ஆங்கிலேயர்கள் மழையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆனால் காலையில் கழிப்பறையில் கண்டதைப் பற்றி டாக்டரிடம்கூட வாய் திறக்கக் கூசுவார்கள். அப்பேர்ப்பட்ட இங்கிலாந்தில் 2022-ம் ஆண்டு மே முதல் ஜூலை வரை ஓர் அதிசயம் நடந்தது. குடல் புற்றுநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தின் பேரில் சோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 1,70,500 பேர்! முந்திய வருஷம் இதே மாதங்களில் வந்ததைவிட 30,000 பேருக்கு மேல் அதிகம்.

ஒரே வருஷத்தில் வியாதி இப்படிப் பெருகிவிடுமா? பெருகாது. ஜனங்களைப் பேச வைத்தவர் டெபோரா ஜேம்ஸ் என்ற பள்ளி ஆசிரியை. ஓட்டப் பயிற்சி செய்பவர், மாமிசம் உண்ணாதவர். 2016 டிசம்பரில், 35-வது வயதில், அவருக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அன்று முதல் அவர் ஒளிவு மறைவின்றிப் பேசினார். தண்ணீர் ஊற்றுமுன் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள் என்பதே அவருடைய உபதேசம். 2022 மே மாதம், இனி சிகிச்சை இல்லை என்றான பிறகு, ஆராய்ச்சிக்காக ஒரு நிதி தொடங்கினார். கேட்டது இரண்டரை லட்சம் பவுன். குவிந்ததோ 60 லட்சத்துக்கு மேல். இளவரசர் வில்லியம் வீடு தேடி வந்து பட்டம் அளித்தார். ஜூன் 28-ந் தேதி அவர் காலமானார். வயது 40.

சோதனைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. மூலம், ஆசனவாய் வெடிப்பு, கவலைப்பட்டால் அதிகமாகும் குடல் கோளாறு—இவைதான். சங்கடம் என்னவென்றால், இரத்தம் போவது, வயிற்றுப் போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவது ஆகிய அடையாளங்கள் இரண்டு தரப்புக்கும் பொது. 'மூலமாகத்தான் இருக்கும்' என்று தள்ளிப் போடுகிறவரும், 'புற்றுநோயேதான்' என்று இராத் தூக்கம் இழக்கிறவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: இருவரும் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். உடலில் பரவிய பிறகு தெரிந்தால் ஏறக்குறைய ஒருவரே.

இவ்வளவு பேருக்கும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க எங்கே டாக்டர்கள்? இதற்குத்தான் ஒரு சின்னச் சோதனை கைகொடுக்கிறது. ஒரு குச்சியில் துளி மலம் தொட்டுக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது காட்டிவிடும். கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் பயத்துக்கு இடம் மிகக் குறைவு. அதிகமிருந்தால் அவசரமாகக் குழாய்ச் சோதனை. அடையாளம் தொடர்ந்து இருந்தால், முடிவு நல்லதாக இருந்தாலும் மறுபடி டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

அடையாளம் எதுவும் இல்லாதவர்களுக்கும் இதே குப்பியை இங்கிலாந்து சர்க்கார் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தபாலில் அனுப்புகிறது. ஆனால் 50 வயது ஆனவர்களுக்குத்தான்! அமெரிக்காவில் 2021-ல் நிபுணர் குழு இந்த வயதை 45 ஆக்கியது. இளம் வயதினரிடையே இந்நோய் ஏறி வருவதே காரணம். அப்படியும் 35 வயது ஆசிரியைக்கு எந்தத் தபாலும் வந்திராது. அந்த வயதுக்காரருக்கு அவருடைய கண்ணும் வாயும்தான் துணை.

இதை உணர்ந்துதானோ என்னவோ, அந்நாட்டுக் கடைகள் சிலவற்றில் கழிப்பறைக் காகிதக் கட்டின் உறையிலேயே நோயின் அடையாளங்களை அச்சடித்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள்.