காய்ச்சல் போச்சு, வலி போச்சு... இதயம் ஆறிடுச்சா? இரண்டாவது எம்.ஆர்.ஐ ஏன் முக்கியம்?

நெஞ்சு வலி நின்றுவிட்டது, காய்ச்சல் இல்லை, டிஸ்சார்ஜும் ஆகியாச்சு. அப்புறம் எதுக்கு மறுபடியும் ஸ்கேன்? ‘மயோகார்டைட்டிஸ்’ எனும் இதயத்தசை அழற்சியில் இருந்து மீண்ட பலருக்கும் வரும் கேள்வி இது. பதில் சிம்பிள்: வலி போவது வேறு, தசை ஆறுவது வேறு.

யாருக்கு வரும்?

பெரும்பாலும் வைரஸ் தொற்றுக்குப் பிறகு வரும். கொரோனா, ஃப்ளூ, டெங்கு மட்டுமல்ல, ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் இதயத்தசையைத் தாக்கலாம். இளைஞர்களும் தப்புவதில்லை. பேயர்ன் மியூனிக் கால்பந்து வீரர் அல்போன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில், கொரோனாவுக்குப் பிந்தைய பரிசோதனையில்தான் இது தெரிந்தது. ஏப்ரலில்தான் மீண்டும் களமிறங்கினார்.

எம்.ஆர்.ஐ என்ன காட்டும்?

இதயம் எவ்வளவு நன்றாக பம்ப் செய்கிறது என்பதை எக்கோ சொல்லும். தசைக்குள் என்ன நடக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ காட்டும். காடோலினியம் என்ற மருந்தை நரம்பில் செலுத்திப் படம் எடுத்தால், பாதித்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

இங்கேதான் விஷயம். நோய் தீவிரமாக இருக்கும்போது எடுக்கும் முதல் படத்தில் வீக்கமும் சேதமும் கலந்தே தெரியும். சில மாதங்களில் வீக்கம் வடிந்த பிறகும் மிஞ்சுவதுதான் பெரும்பாலும் நிரந்தரத் தழும்பு. அது ஆபத்தான துடிப்புக் கோளாறைத் தூண்டலாம், குறிப்பாகக் கடுமையாக உழைக்கும்போது. எக்கோ நார்மலாக இருந்தாலும் தழும்பு இருக்கலாம்.

எப்போது எடுக்கணும்?

முன்பு 3 முதல் 6 மாதம் வரை கடும் உடற்பயிற்சி கூடாது என்றார்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2025 வழிகாட்டுதல், குறைந்தது 1 மாத ஓய்வும், 6 மாதத்துக்குள் எம்.ஆர்.ஐ உள்ளிட்ட மறுபரிசோதனையும் வேண்டும் என்கிறது. பாதிப்பைப் பொறுத்து உங்கள் டாக்டர் முடிவு செய்வார்.

திருச்செந்தூரில் என்ன சிக்கல்?

உடற்கல்வியியல் கல்லூரி மைதானத்தில் ஓடும் மாணவருக்கும், அமலிநகரில் வலை இழுக்கும் மீனவருக்கும் இந்த முடிவு முக்கியம். ஆனால் நெல்லை ஹைகிரவுண்ட் மருத்துவமனை சுமார் 60 கி.மீ. தூரம். எல்லா எம்.ஆர்.ஐ மையத்திலும் இதயத்துக்கு எடுக்க மாட்டார்கள். ஒரு நாள் கூலி போகும், கூட ஒருத்தர் வரணும். ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று இரண்டாவது ஸ்கேன் விட்டுப்போவது இப்படித்தான்.

இதை நோயாளியின் அலட்சியம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. ‘பிரச்னைன்னா வாங்க’ என்று சொல்லி அனுப்பினால் போதாது. டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே மூன்று விஷயம் எழுதித் தர வேண்டும்: அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில், எங்கே, அதுவரை எந்த வேலையெல்லாம் கூடாது. இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனையை உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளச் சொன்னால் நெல்லைப் பயணம் ஒன்றாகக் குறையும்.

நீங்க என்ன செய்யணும்?

முதல்வர் காப்பீட்டு அட்டை இந்த ஸ்கேனுக்குச் செல்லுமா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள். சிறுநீரகப் பிரச்னையோ, உடம்பில் பேஸ்மேக்கர் போன்ற கருவியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மயக்கம், படபடப்பு, மூச்சுத்திணறல் வந்தால் தேதிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஜிம்முக்கோ கடலுக்கோ திரும்பும் முன், டிஸ்சார்ஜ் சம்மரியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் மறுபரிசோதனைத் தேதி இல்லையென்றால், கேட்டு வாங்குங்கள்.