கிராம் கணக்கில் மரண தண்டனை

இரண்டு கிராம் ஹெரோயின் கையில் இருந்தால் இலங்கையில் மரண தண்டனை, இல்லையென்றால் ஆயுள் சிறை. 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. விற்றிருக்க வேண்டும் என்றில்லை, வைத்திருந்தாலே போதும். 2022 நவம்பரில் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமினையும் அந்த வரிசையில் சேர்த்தார்கள். அதற்கு எல்லை 5 கிராம், ஒரு தேக்கரண்டிச் சீனியின் அளவு. 1976க்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை என்பது உண்மை. ஆனால் 2019இல் போதைப்பொருள் கைதிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையெழுத்தே வைத்துவிட்டார். உயர் நீதிமன்றம்தான் தடுத்தது.

திருகோணமலை மாவட்டத்து வெருகலில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் படித்த பொடியன் ஒருவன் நெல் வெட்டும் மெஷினோடு வேலைக்குப் போனான். போகம் முடியுமட்டும் இரவு பகலாக ஓட்டம். நித்திரை வராமலிருக்க யாரோ ஐஸ் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த போகத்தில் அது இல்லாமல் அவனால் எழும்பவே முடியவில்லை. பிடிபட்ட பிறகு, சிங்களத்தில் வந்த கடுதாசியைத் தூக்கிக்கொண்டு அவன் தாய் என்னிடம் வந்தாள். "டீச்சர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வாசித்துச் சொன்னேன். சொன்னதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

அவளுக்கு விளங்கவைக்க நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டு என்றால் மூதூர் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சுத்தமான போதைப்பொருளின் எடை 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றுதான் வழி. பொட்டலத்தின் எடை வேறு, அதற்குள் இருக்கும் சுத்தமான சரக்கின் எடை வேறு. அதை அரச பகுப்பாய்வாளர்தான் சொல்ல வேண்டும். அறிக்கை வரும்வரை பிள்ளை விளக்கமறியலில் கிடப்பான். மாட்டை விற்று வழக்கறிஞருக்குக் கொடுத்தாள் அந்தத் தாய். பணமுள்ளவனுக்கு இதெல்லாம் ஒரு கிழமைச் சிரமம்.

பணமுள்ளவனின் சரக்கு எப்படி வருகிறது என்பதையும் பார்ப்போம். 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே இந்தியக் கரையோரக் காவல்படை இலங்கைப் படகொன்றை மறித்தது. அதில் இருந்தது சுமார் 100 கிலோ ஹெரோயின். இரண்டு கிராமாகப் பங்கிட்டால் ஐம்பதாயிரம் பேரை மரண தண்டனைக் கைதியாக்கப் போதும். படகில் இருந்தவர்கள் பிடிபடுவார்கள். காசு போட்டவன் கடலுக்கே வருவதில்லை. நாற்பது வருடமாக மரண தண்டனைச் சட்டம் இருக்கிறது. ஹெரோயினும் குறையவில்லை, பிறகு ஐஸும் வந்து சேர்ந்தது.

இதே பாதையில் நமக்கு முன்னே போன நாடு அமெரிக்கா. 1971இல் அந்நாட்டு ஜனாதிபதி நிக்சன் போதைப்பொருள் பாவனையை நாட்டின் முதல் எதிரி என்றார். 1986இல் லென் பயாஸ் என்ற இளம் கூடைப்பந்து வீரர் கொக்கெய்னால் இறந்தபோது, நாடு பதறிப்போய் ஏறக்குறைய நாலு மாதத்தில் ஒரு சட்டம் செய்தது. ஏழைக் கறுப்பினத்தவர் தெருக்களில் விலைப்பட்ட 'கிராக்' என்ற கொக்கெய்ன் கட்டி 5 கிராமுக்கு ஐந்து வருடக் கட்டாயச் சிறை. வசதியானவர்கள் பாவித்த கொக்கெய்ன் தூளுக்கு அதே தண்டனை 500 கிராமில்தான் தொடங்கும். சிறைகள் கறுப்பின இளைஞர்களால் நிரம்பின. 2010இல்தான் அந்த 5 கிராமை 28 ஆக்கினார்கள். இத்தனை வருடம் இத்தனை பேரைப் பூட்டிவைத்த நாட்டில், 2021இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் போதைப்பொருள் அளவு மீறி இறந்தார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் நாம் நமது 5 கிராம் சட்டத்தை எழுதினோம்.

இங்கே 2023 டிசம்பர் 17இல் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் 29,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நூற்றுக்கணக்கானோரைப் படையினர் நடத்தும் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். கந்தக்காடு அப்படியான ஓர் இடம். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததும் கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அந்த மரணத்துக்காகக் கைதானவர்களில் படையினரும் இருந்தார்கள். 2009க்குப் பின் முன்னாள் போராளிகளை வைத்திருந்த அதே புனர்வாழ்வுக் கட்டமைப்புத்தான் இன்று போதைக்கு அடிமையானவர்களையும் பொறுப்பேற்கிறது. எங்கள் பிள்ளைகளோ போரில் பிறந்தவர்கள். 2006இல் மாவிலாற்றுச் சண்டையோடு எங்கள் ஊரே வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடியது. அப்போது கூடாரங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயதளவில் இருக்கும். சீருடைக்காரர் நடத்தும் முகாமில் இவர்களுக்கு மனம் ஆறும் என்று எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை.

ஊரில் மறுபேச்சு இருக்கிறது. ஐஸ் அடித்துவிட்டுத் தாயை அடிக்கிறான், தங்கச்சியின் தோட்டைக் கழற்றி விற்கிறான், இவனைப் பிடித்துக்கொண்டு போகாமல் கொஞ்சச் சொல்கிறீர்களா என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அடி வாங்கிய தாய்மாரை எனக்குத் தெரியும். அடித்தவனுக்கும் களவெடுத்தவனுக்கும் சட்டம் இருக்கிறது, அதைப் பாவிக்கட்டும். ஆனால் ஐஸ் பழக்கத்துக்குச் சிறை மருந்தல்ல. ஹெரோயினுக்கு மெதடோன் இருப்பதுபோல் ஐஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து எதுவும் இல்லை. நித்திரை, சாப்பாடு, மாதக்கணக்கில் விடாமல் பேசும் உளவளத்துணையாளர், பிறகு ஒரு வேலை. இவ்வளவும் வேண்டும். இவை ஒன்றுமில்லாமல் உள்ளே போனவன், வெளியே வரும்போது முன்பு தெரியாத வியாபாரிகளையும் தெரிந்துகொண்டு வருவான்.

திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நான் கேட்பது இதுதான். சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பதை மரண தண்டனைப் பிரிவிலிருந்து வெளியே எடுங்கள். எங்கள் ஈச்சிலம்பற்று வைத்தியசாலையில் கிழமைக்கு ஒரு நாளாவது போதைக்கென்றே கிளினிக் நடக்கட்டும். மனநல வைத்தியரும் தமிழில் பேசும் உளவளத்துணையாளரும் அங்கே இருக்க வேண்டும். பெயர் பதிந்தால் பொலிஸுக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பிள்ளையும் வரமாட்டான். நீதிமன்றத்திலிருந்து வரும் கடுதாசி எங்கள் தாய்மாருக்குத் தமிழில் வரவேண்டும். பொட்டலம் வைத்திருக்கும் பொடியனைத் துரத்தும் ஆட்களில் பாதிப்பேரையாவது, 100 கிலோ ஏற்றிய படகுக்குக் காசு போட்டவனின் வங்கிக் கணக்கைத் தேட அனுப்புங்கள்.