நாணயத்தில் ஓடிய கால்கள்

ராஜ்யத்தின் முத்திரை பெற்ற நாணயத்தில் எதைப் பொறிப்பது என்பது அற்ப விஷயமன்று. சிலை நாற்சந்தியில் நிற்கும்; விரும்பியவர் அண்ணாந்து பார்ப்பர், விரும்பாதவர் தம் வழியே போய்விடுவர். நாணயமோ கடைக்காரன் பெட்டியிலும், கூலியாளின் மடியிலும், சீமானின் சட்டைப்பையிலும் பேதமின்றிப் புகுந்து வருவது. ஆகவே ஒரு சர்க்கார் எதைத் தன் நாணயத்தில் பொறிக்கிறதோ, அதை ஜனங்கள் அனைவரும் மறவாதிருக்க வேண்டுமென்று அது கருதுவதாகவே கொள்ள வேண்டும். விளையாட்டில் நிகழ்ந்த ஒரு சாதனையை அவ்வாறு பொறிப்பது தகுமா? தகுமெனில், எம்முறையில்? 2004-ம் ஆண்டில் பிரிட்டன் வெளியிட்ட ஒரு நாணயத்தை முன்வைத்து இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம்.

அது 50 பென்ஸ் மதிப்புள்ள, ஏழு பக்கங்களுடைய செப்பு-நிக்கல் நாணயம். ஒரு புறத்தில் வழக்கம்போல் எலிஸபெத் ராணியின் தலை. மறுபுறத்தில் ஓடுகிறவன் ஒருவனுடைய இரு கால்கள். பின்னால் வினாடி கணக்கிடும் கடிகாரம். ஜேம்ஸ் பட்லர் என்ற சிற்பி அதை வரைந்தார். வீரனுடைய முகம் அதில் இல்லை. ஆயினும் அவர் யார் என்பதை அந்நாட்டில் அறியாதார் அரியர். ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிஷத்திற்குள் ஓடிய முதல் மனிதர் ரோஜர் பானிஸ்டரே அவர். அச்சாதனையின் ஐம்பதாம் ஆண்டு நினைவாகவே ஐம்பது பென்ஸ் நாணயம் அடிக்கப்பட்டது.

1954-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி, ஆக்ஸ்போர்டு நகரின் இஃப்லி ரோடு மைதானத்தில் அவ்வோட்டம் நடந்தது. பானிஸ்டருக்கு அப்போது வயது 25. லண்டனில் வைத்தியக் கல்வி பயின்று கொண்டிருந்தார். அன்று காலையில் ஆஸ்பத்திரி வேலையைப் பார்த்துவிட்டு ரயிலேறி வந்தவர். காற்று பலமாக அடித்ததால், ஓடுவதா வேண்டாமா என்று கடைசி நேரம் வரை தயங்கினார். முதலில் கிறிஸ் பிராஷர் முன்னே ஓடி வேகத்தை நிர்ணயித்தார். அவர் களைத்ததும் கிறிஸ் சாட்டவே அப்பொறுப்பை ஏற்றார். கடைசிச் சுற்றில்தான் பானிஸ்டர் அவரைத் தாண்டிப் பாய்ந்தார். 3 நிமிஷம் 59.4 வினாடி என்பது முடிவு. அறிவிப்பாளர் “மூன்று” என்று சொல்லத் தொடங்கியதுமே ஜனங்களின் ஆரவாரத்தில் எஞ்சிய எண்கள் மூழ்கிப் போயின.

இதற்கு ஆட்சேபணைகள் இல்லாமல் இல்லை. வக்கீல் தொழிலில் பழகியவர்கள் எதிர்க்கட்சியின் வாதத்தை முதலில் கேட்டுக்கொள்வதே முறை. முதல் ஆட்சேபணை: அச்சாதனை 46 நாட்களே நிலைத்தது. ஜூன் 21-ந் தேதி பின்லாந்து தேசத்தின் துர்க்கு நகரில் ஆஸ்திரேலியரான ஜான் லாண்டி அதை முறியடித்தார். 1999-ல் மொராக்கோ வீரர் ஹிஷாம் எல் குரூஜ் ஏற்படுத்திய 3 நிமிஷம் 43.13 வினாடியுடன் ஒப்பிட்டால், பானிஸ்டர் 16 வினாடிகளுக்கு மேல் பின்தங்கியவரே. இரண்டாம் ஆட்சேபணை: மனித தேகத்தால் இயலாதென்று கருதப்பட்டதை அவர் செய்தார் என்பது மிகையான பேச்சு. ஸ்வீடன் தேசத்து குண்டர் ஹேக் 1945-லேயே 4 நிமிஷம் 1.4 வினாடியில் ஓடிவிட்டார். எஞ்சியிருந்தது ஒன்றரை வினாடிக்குச் சிறிது குறைவு அல்லது கூடுதல்தான்.

இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் இவை நாணயத்தின் தகுதியைக் குறைக்கவில்லை. நாம் எதைக் கௌரவிக்கிறோம் என்பதைத் தெளிவாக்குகின்றன. வெறும் எண்ணைக் கௌரவிப்பதாயின், ஒவ்வொரு சாதனை முறியும்போதும் பழைய நாணயத்தை உருக்கிவிட வேண்டியிருக்கும். எண்கள் வளரும், வாயிலை முதலில் திறந்தவன் ஒருவனே. அன்றியும், வாயிலைத் திறந்தது ஒருவருடைய பலம் மட்டுமன்று. ஹேக்கும் ஆண்டர்ஸனும் ஒருவரையொருவர் துரத்தியே 1942 முதல் 1945 வரை காலத்தைக் குறைத்துக் கொண்டு வந்தார்கள். பிராஷரும் சாட்டவேயும் தங்கள் வெற்றியைக் கருதாமல் நண்பருக்காக ஓடினார்கள். அதனாலேயே முகமில்லாத அக்கால்கள் மிகப் பொருத்தமானவை என்பது நமது அபிப்பிராயம். அவை ஒருவருடைய கால்கள் மட்டுமல்ல.

இதில் ஒரு விநோதமும் உண்டு. ஹேக்கும் ஆண்டர்ஸனும் பந்தயத்திற்குப் பணம் பெற்றார்கள் என்று அவர்கள் நாட்டு ஸ்தாபனத்தாரால் விலக்கப்பட்டார்கள். பானிஸ்டர் ஊதியமின்றி ஓடினார். பிறகு நரம்பு வைத்தியத் துறையில் ஆயுளைச் செலவிட்டு, 2018-ல் காலமானார். பணத்தைத் தொடாமல் ஓடியவரின் ஓட்டமே பின்னர் பணத்தில் பொறிக்கப்பட்டது! இதைவிட முக்கியமானது வேறொன்று. சேகரிப்போருக்கென்று வெள்ளியிலும் தங்கத்திலும் அந்நாணயம் அடிக்கப்பட்டதாயினும், 90 லட்சத்திற்கு மேற்பட்டவை சாதாரணச் செலாவணிக்கே விடப்பட்டன. ரொட்டி வாங்கிய சிறுவனுக்கு மீதிச் சில்லறையாக அது கிடைத்தது. கௌரவம் என்பது அதுதான்.

நமது தேசத்தின் முறை என்ன? 1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்தபோதும், 2010-ல் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோதும் நமது சர்க்காரும் நாணயங்களை வெளியிட்டதுண்டு. ஆனால் அவை பந்தயங்களை நாம் கூட்டி நடத்தியதற்கு அடையாளமேயன்றி, நம்மவர் செய்த சாதனைக்கு அடையாளமல்ல. விருந்து வைத்ததைப் பொறித்தோம். வென்றதைப் பற்றி என்ன சொல்வது? அண்மைக் காலத்தில் 75 ரூபாய், 100 ரூபாய் என்று வெளியாகும் நினைவு நாணயங்களோ பேழையில் வைத்துச் சேகரிப்போருக்கு விற்கப்படுகின்றன. சந்தைக்கு வராத நாணயம் ஜனங்களுக்கு எதை நினைவூட்டும்?

1928-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் நகரில் இந்திய ஹாக்கிக் குழு ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்றது. அப்பந்தயங்களில் நம்மவர் போட்ட கோல்கள் 29. அவற்றுள் 14 தியான் சந்துடையவை. எதிரிகள் போட்டது ஒன்றுமில்லை. குழுவுக்குத் தலைவராகச் சென்ற ஜெய்பால் சிங் சோட்டா நாகபுரியின் முண்டா குலத்தவர்; ஆக்ஸ்போர்டில் கற்றவர்; பின்னர் நமது அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காகக் குரல் கொடுத்தவர். பிறர் ஆட்சியில் இருந்த ஒரு தேசம், உலகின் முன் தலைநிமிர்ந்த நாள் அது. அதன் நூறாண்டு 2028-ல் நிறைவுறுகிறது.

அந்நினைவுக்கு ஒரு நாணயம் அடிக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. பேழைக்கு அன்று, செலாவணிக்கு. ஒருவர் முகமும் அதில் வேண்டாம். ஒரு மட்டையும் ஒரு பந்தும் போதும். பதினொருவர் ஆடிய ஆட்டத்தில் ஒருவரைப் பொறித்தால் பத்துப் பேருக்கு அநீதி. எவர் பெயரைப் போடுவதென்று சச்சரவும் எழும். பஸ் கண்டக்டர் தரும் சில்லறையில் அம்மட்டையைக் கண்டு, “இது என்ன?” என்று ஒரு பையன் தகப்பனைக் கேட்பானாயின், நாணயம் தன் மதிப்புக்கு மேல் விலைபோய்விட்டது என்று நாம் சொல்வோம்.