வருமானச் சான்று கேட்காத மருத்துவமனை

நேர்மறை எண்ணம் என்றாலே காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வந்து விழும் பூப்படம்தான் இப்போது பலருக்கும் நினைவுக்கு வருகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமியின் வாழ்க்கை அந்த ரகமல்ல.

ராணுவ மருத்துவராக இருந்தவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின, பேனா பிடிப்பதே பெரும்பாடு. மகப்பேறு மருத்துவராகும் ஆசை அதோடு போயிற்று. அழுது தீர்க்க வேண்டியதுதானே? அவரோ கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த வளைந்த விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவை அதே விரல்கள்தான்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுபவர்களிடமிருந்து வரும் வருவாயில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை. கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை கட்டுப்படியாகாதபோது, 1992இல் ஆரோலேப் என்ற தங்கள் தயாரிப்பு நிறுவனத்தின் மூலம் இங்கேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். கருணைக்கு இத்தனை கறாரான கணக்கா என்று முகம் சுளிக்கலாம். நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால் இத்தனை ஆண்டுகள் ஓடியிருக்குமா என்பது சந்தேகமே.

கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை அங்கே நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. வசதியுள்ளவரும் இலவச வரிசையில் நுழைந்துவிடலாமே? நுழையலாம்தான். அப்படிப்பட்ட நாலு பேரைப் பிடிப்பதற்காகப் பார்வை மங்கிய பாட்டியைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடுவதா? நம் அலுவலகங்கள் பலவும் அலையவிடுவதையே தேர்ந்தெடுக்கின்றன.